பச்சை ஒயர்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது டிவியில் எங்கள் பழைய பேண்ட் லீடரைப் பார்த்தேன். பேண்ட் தொடங்கிப் பத்து வருஷம் ஆனதற்காகச் சிறப்பு நிகழ்ச்சி. தலை கொஞ்சம் நரைத்திருந்தது, மற்றபடி அதே ஆள். பேட்டி எடுத்த பெண் வேலுவைப் பற்றிக் கேட்டாள். "அன்னைக்குப் பெய்ஞ்ச மழை எங்க வேலுவ எடுத்துக்கிச்சு. வெறுங்காலோட மேடை ஏறாதேன்னு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்" என்று சொல்லிவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு விளம்பரம் போட்டார்கள்.

தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன். மழை வேலுவைக் கொல்லவில்லை. அவனுடைய வெறுங்காலும் கொல்லவில்லை. இது தெரிந்தவர்கள் இந்த உலகத்தில் இரண்டு பேர். ஒருவர் டிவியில் கண்ணாடி துடைக்கிறார். இன்னொருவன் நான். ஆறு வருஷமாக வாயை மூடிக்கொண்டிருந்தவன்.

என் மகள் ஜெனி சிதம்பரத்தில் இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். அவளும் பேஸ் கிட்டார் வாசிக்கிறாள். நான் சொல்லிக்கொடுக்கவில்லை, வேண்டாம் என்றுதான் சொன்னேன். அவளோடு வாசிக்கும் பிள்ளைகள் தங்கள் விழா மலருக்கு என்னிடம் கட்டுரை கேட்டார்கள். "ஃபேமஸ் பேண்ட்ல இருந்தீங்கல்ல அங்கிள், அந்த அனுபவத்த ஜாலியா எழுதிக் குடுங்க" என்றார்கள். ஜாலியாக எழுத எனக்கு ஒன்றும் இல்லை. நடந்ததை எழுதுகிறேன். போடுவதும் போடாததும் அவர்கள் இஷ்டம்.

எனக்குக் கடலூர் முதுநகர். பேஸைத் தொட்டது சர்ச் கொயரில். அங்கே ஏற்கெனவே மூன்று பேர் கிட்டார் வைத்திருந்தார்கள், நாலாவதாகப் போனவனுக்கு மிச்சம் இருந்தது பேஸ்தான். அப்புறம் கல்யாணக் கச்சேரி, திருவிழா ஆர்கெஸ்ட்ரா, எல்லாம் லீவு நாளில். பிழைப்பு குடிகாட்டுப் பக்கம் ஒரு கெமிக்கல் ஃபேக்டரியில், எலக்ட்ரிகல் மெயின்டனன்ஸ். பன்னிரண்டு வருஷம் இருந்தேன்.

அந்தப் பன்னிரண்டு வருஷத்தில் கற்றதில் இங்கே தேவைப்படுவது ஒன்றுதான். பிளக்கில் மூன்று முள் இருக்கும். மேலே இருக்கும் தடித்த முள்ளுக்குப் பச்சை ஒயர் போகும். அதுதான் எர்த். மிஷினுக்குள் எங்காவது கரண்ட் கசிந்து இரும்பு உடம்புக்கு வந்தால், பச்சை ஒயர் வழியாக மண்ணுக்கு இறங்கிவிடும். ஃப்யூஸ் போகும், ஆள் பிழைப்பான். மாட்டும்போது பச்சையை முதலில் மாட்ட வேண்டும், கழற்றும்போது கடைசியில் கழற்ற வேண்டும். ஒருமுறை எங்கள் செக்‌ஷனில் ஒருவன் பச்சையைக் கழற்றிப் போட்டுவிட்டு பம்ப்பை ஓட்டினான். ஃபோர்மேன் அவனை அன்றைக்கே கேட்டுக்கு வெளியே நிறுத்தினார். பக்கத்தில் நின்று பார்த்தேன். சரியாகத்தான் செய்தார் என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

சுனாமி வந்த மறு வருஷம், நிதி திரட்ட அந்த பேண்ட் கடலூருக்கு வந்தது. பெயரைச் சொல்லப்போவதில்லை. தமிழில் ராக் கேட்ட யாருக்கும் தெரிந்திருக்கும். அவர்களுடைய பேஸ் வாசிப்பவருக்கு டைஃபாய்டு. உள்ளூரில் யார் இருக்கிறார்கள் என்று விசாரித்து என்னைக் கூட்டிப்போனார்கள். ஒரே மத்தியானத்தில் பதினோரு பாட்டு கற்றுக்கொண்டு வாசித்தேன். மறு மாதம் நிரந்தரமாக வரச் சொன்னார்கள். வேலையை விட்டேன். என் மனைவி ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. முப்பத்தேழு வயதில் ராக் பேண்டுக்குப் போகிறவனோடு யார் பேசுவார்கள்?

லீடரை நாங்கள் சீஃப் என்றுதான் கூப்பிடுவோம். அவர் சத்தம் போட்டு ஒருநாளும் கேட்டதில்லை. ஃபிளாஸ்க்கில் வெந்நீர் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வாயாகக் குடிப்பார். பேசும்போது எதிரில் இருப்பவர் பெயரைச் சொல்லித்தான் தொடங்குவார். "அருள், இந்த இடத்துல நீ ஜாஸ்தி வாசிக்கிற." அவ்வளவுதான், அந்த இடத்தில் மறுபடி விரல் போகாது. எதை முடிவு செய்தாலும், "யாருக்காவது ஆட்சேபனை இருக்கா?" என்று கேட்டு ஒவ்வொரு முகமாகப் பார்ப்பார். இருக்கிறது என்று சொன்னவனை அடுத்த போஸ்டரில் தேடினால் கிடைக்க மாட்டான். இவரைத்தான் நான் பெரிய மனுஷன் என்று நம்பினேன். சத்தம் போடாதவன் நல்லவன் என்று ஒரு தப்புக் கணக்கு என்னிடம் இருந்தது.

பிள்ளைகள் கேட்ட ஜாலிக்கு ஒன்று சொல்கிறேன். முதல் டிவி ஷூட்டிங். கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஒயரைச் சொருக இடம் தேடினேன். அங்கே ஆம்ப்ளிஃபயரே இல்லை. ரெக்கார்ட் செய்ததைப் போடுவார்களாம், நாங்கள் வாசிப்பதுபோல நிற்க வேண்டுமாம். மூன்று மணி நேரம் ஒயர் இல்லாத கிட்டாரை வாசித்தேன். ஒளிபரப்பானபோது என் இடது தோள் இரண்டு முறை வந்தது. ஊரே அந்தத் தோளைப் பார்த்துப் பாராட்டியது.

வேலு எங்கள் கிட்டாரிஸ்ட், பாடகனும் அவன்தான். காடாம்புலியூர். முந்திரித் தோப்பு வைத்திருக்கும் வீடு, ஒரே பையன், இருபத்து மூன்று வயது. மேடை ஏறும் முன் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டு, பலகையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வான். கச்சேரி மேடை சாமி இடம், செருப்போடு ஏறாதே என்று அவன் அம்மா சொல்லி வளர்த்தது. ராக் பேண்டில் இதைப் பார்த்து டிரம்ஸ்காரர் சிரிப்பார். அவன் கண்டுகொள்ள மாட்டான்.

என்னை மாமா என்று கூப்பிடுவான்.

"மாமா, நீ வாசிக்கிறது ஒருத்தனுக்கும் காதுல விழல. வயித்துல மட்டும் தெரியுது."

"அப்ப வயித்தால கேளுடா."

"நீ மேடையில நிக்கிறது கல்யாண வீட்டு வாசல்ல வாழமரம் கட்னாப்புல இருக்குது மாமா. ஆடவும் மாட்ட, பாடவும் மாட்ட."

உண்மைதான். நான் பாட மாட்டேன். மைக் பக்கமே போக மாட்டேன். இது எவ்வளவு பெரிய விஷயம் என்று அவனுக்குத் தெரியாது.

கிட்டார் கம்பிகள் ஒயர் வழியாக ஆம்ப்ளிஃபயரின் உடம்போடு சேர்ந்தவை. மைக்கின் சல்லடை சவுண்ட் மிக்ஸர் வழியாக எர்த்தோடு சேர்ந்தது. ஆம்ப்ளிஃபயர் உடம்பில் கரண்ட் ஏறினால் கம்பியில் ஏறும். கையில் கம்பி, உதட்டில் மைக். கரண்டுக்கு அந்த ஆளின் நெஞ்சு வழியாகப் பாதை கிடைத்துவிடும்.

அதனால் பேண்டில் சேர்ந்த முதல் வாரமே ஒரு டெஸ்ட் லாம்ப் செய்தேன். ஒரு ஹோல்டர், ஒரு சின்ன பல்பு, இரண்டு நீள ஒயர். ஒவ்வொரு ஊரிலும், யாரும் கிட்டாரைத் தொடுவதற்கு முன், ஒரு ஒயரை மைக்கில் வைப்பேன், இன்னொன்றைக் கம்பியில். பல்பு மினுக்கென்று எரிந்தால்கூட யாரும் மேடை ஏறக் கூடாது. லைன் மாறினால் மறுபடி டெஸ்ட். ஜெனரேட்டர் போட்டால் மறுபடி டெஸ்ட். பதினாலு மாதத்தில் மூன்று முறை எரிந்தது. மூன்று முறையும் நிறுத்தினேன். சீஃப் வெந்நீர் குடித்துக்கொண்டு காத்திருந்தார். ஆக, அவருக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது.

அந்த நாளுக்கு வருகிறேன்.

கடலூரில், திருப்பாதிரிப்புலியூர்ப் பக்கம் ஒரு திறந்த மைதானம். அன்றைக்கு வாசிப்பதை அப்படியே ரெக்கார்ட் செய்து ஆல்பமாகப் போடுவதாக ஏற்பாடு. மத்தியானம் மூன்று மணிக்கு எல்லாவற்றையும் மாட்டிப் பார்த்தபோது, ஸ்பீக்கரில் ஓயாமல் ஒரு இரைச்சல். வண்டு சுற்றுவது போல. மேடைக்கு ஒரு பக்கத்திலிருந்தும், மிக்ஸருக்கு வேறு பக்கத்திலிருந்தும் லைன் எடுத்திருந்தார்கள். இரண்டு எர்த்தும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாமல் இருந்தால் இப்படி இரையும். இதற்கு நியாயமான வைத்தியம், எல்லாவற்றையும் ஒரே இடத்திலிருந்து எடுப்பது. அதற்கு மைதானத்தைச் சுற்றி ஒயர் இழுக்க வேண்டும். இன்னொரு வைத்தியம் உண்டு. ஆம்ப்ளிஃபயர் பிளக்கைத் திறந்து பச்சை ஒயரைக் கழற்றிவிட்டால் அந்த நிமிஷமே இரைச்சல் நின்றுபோகும். ஊர் ஊராகக் கச்சேரிக்காரர்கள் இதைத்தான் செய்கிறார்கள். இரைச்சல் காதில் விழும், எர்த் இல்லாதது காதில் விழாது.

"முக்கா மணி நேரம் குடுங்க சீஃப், வேற லைன் இழுத்துடறேன்."

"அருள், முக்கா மணி நேரம் நம்மகிட்ட இல்ல."

"அப்ப அரை மணி நேரம்."

"ஒயரை எடுத்துடு அருள். ரெக்கார்டிங் முடிஞ்சதும் மாட்டிடலாம். யாருக்காவது ஆட்சேபனை இருக்கா?"

எல்லார் முகத்தையும் பார்த்தார். எந்த ஒயர், அது எதற்கு என்று மற்றவர்களுக்குத் தெரியாது. கடைசியில் என் முகத்தைப் பார்த்தார். எனக்கு ஆட்சேபனை இருந்தது. பன்னிரண்டு வருஷத்து ஆட்சேபனை. ஆனால் அடுத்த மாதம் மலேசியா போவதாகப் பேச்சு இருந்தது. வீட்டில் எல்லாரிடமும் சொல்லிவிட்டிருந்தேன். ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். என் ஆம்ப்ளிஃபயரில் கழற்றினேன். வேலுவுடையதிலும் கழற்றினேன். பச்சை ஒயரின் நுனியில் டேப் சுற்றினேன், கைநேர்த்தியாக. இரைச்சல் நின்றது. சீஃப் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். எனக்குப் பெருமையாக இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

பல்பு வைத்துப் பார்த்தேன், எரியவில்லை. நாலரைக்கு ஒரு தூறல். கால் மணி நேரம்தான். வேலுவின் ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் தார்ப்பாய் கிழிந்திருந்ததை யாரும் கவனிக்கவில்லை. அப்போது பார்த்து கரண்ட் கட். ஜெனரேட்டரைப் போட்டார்கள். நான் டெஸ்ட் லாம்ப்பை எடுக்கப் பெட்டியை நோக்கி நடந்தேன்.

"அருள், நேரமாயிடுச்சு. அப்புறம் பாத்துக்கலாம். கிட்டாரை எடு."

எடுத்தேன்.

வேலு செருப்பைக் கழற்றி, பலகையைத் தொட்டுக் கும்பிட்டு ஏறினான். "வாழமரம் ரெடியா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டான். கிட்டாரில் ஒரு கார்டு பிடித்துக்கொண்டே மைக்கில் வாய் வைத்தான். சத்தம் எதுவும் வரவில்லை. அவன் பாடவும் இல்லை, கத்தவும் இல்லை. அப்படியே விறைத்து நின்றான். விளையாடுகிறான் என்று டிரம்ஸ்காரர் சிரித்தார். எனக்குத் தெரிந்துவிட்டது. மேடையைத் தாண்டி ஓடி மெயினைப் பிடுங்க எனக்கு எத்தனை வினாடி ஆனது என்று தெரியாது. அதற்குள் முடிந்துவிட்டிருந்தது.

மழை வந்தது உண்மை. மழை ஆம்ப்ளிஃபயருக்குள் இறங்கியதும் உண்மை. பச்சை ஒயர் இருந்த இடத்தில் இருந்திருந்தால் ஃப்யூஸ் போயிருக்கும், கச்சேரி ஒரு மணி நேரம் தாமதமாகியிருக்கும், அவ்வளவுதான்.

இதற்குப் பிறகு நான் செய்ததுதான் என்னால் எழுத முடியாமல் இருந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் சீஃப் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அப்போதும் குரல் உயரவில்லை. "அருள், போலீஸ் வந்து பாப்பாங்க. ஒயரை மாட்டிட்டியா?" இல்லை என்றேன். "உனக்குப் பொண்ணு இருக்கு. கழட்டினது உன் கை." அவ்வளவுதான் சொன்னார். எழுந்து மைதானத்துக்குப் போனேன். இரண்டு பிளக்கையும் திறந்து, டேப்பை உரித்து, பச்சையை அதன் முள்ளில் வைத்து முறுக்கினேன். மறுநாள் வந்து பார்த்தவர்கள் எல்லாம் சரியாக இருப்பதாக எழுதினார்கள். மழை, ஈர மேடை, வெறுங்கால். நானும் அதில் கையெழுத்துப் போட்டேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு எல்லாரும் காடாம்புலியூர் போனோம். வேலுவின் அம்மா முன்னால் உட்கார்ந்து, சீஃப் அதே அமைதியோடு சொன்னார்: "வெறுங்காலோட ஏறாதேன்னு சொல்லிக்கிட்டே இருந்தேம்மா. கேக்கல." அந்த அம்மா தலையைத் தூக்கி அவரைப் பார்த்தார். பிறகு தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பின்னால் நின்றேன். அங்கே இருந்தவர்களில் கரண்ட் தெரிந்தவன் நான் ஒருவன். ஒரு வார்த்தை பேசவில்லை.

பேண்டிலிருந்து விலகினேன். வீட்டு ஒயரிங் வேலைக்குப் போனேன். அதற்குப் பின் கிட்டாரைத் தொடவில்லை. பையோடு பரண்மேல் கிடந்ததைத்தான் ஜெனி எடுத்துக்கொண்டு போனாள்.

டிவி நிகழ்ச்சிக்கு அடுத்த வாரம் அவள் போன் செய்தாள். சனிக்கிழமை அவர்களுக்குக் கச்சேரி.

"அப்பா, ஆம்ப்ல ஒரே இரைச்சலா இருக்குது. சீனியர் அண்ணன் பின்னைக் கழட்டி என்னமோ பண்ணாரு, நின்னுடுச்சு. ஒன்னும் ஆவாதில்ல?"

"எதையும் தொடாத. கிட்டாரைக் கீழ வை. மெயினை ஆஃப் பண்ணு. நான் வர்ற வரைக்கும் யாரும் தொடக் கூடாது."

"என்னாப்பா கத்துற?"

சிதம்பரம் பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். தெற்கு வீதியில் ஒரு மாடி அறையில் பிராக்டிஸ் செய்கிறார்கள். பிளக்கைத் திறந்தேன். பச்சை ஒயர் மடங்கி, டேப் சுற்றி இருந்தது. சுற்றினவனைக் கூப்பிட்டு வாயில் வந்ததையெல்லாம் கேட்டேன். நல்ல பையன், கடைசி வருஷம் படிக்கிறான். "அங்கிள், எல்லா பேண்டுலயும் இப்படித்தான் செய்யறாங்க" என்றான். "செய்யறாங்கடா. நானும் செஞ்சேன்" என்றேன். எல்லாவற்றையும் ஒரே போர்டுக்கு மாற்றி, ஒயர்களைப் பிரித்து ஓட்டினேன். இருபது நிமிஷம். பச்சை அதன் இடத்தில் இருந்தது, இரைச்சலும் இல்லை. பிறகு அவர்களை உட்கார வைத்து, இதுவரை இங்கே எழுதியதை எல்லாம் சொன்னேன்.

பஸ் ஸ்டாண்ட் வரை ஜெனி கூட வந்தாள். பஸ் கிளம்பும்போதுதான் கேட்டாள்.

"இத அவுங்க வீட்ல சொன்னியாப்பா?"

"இல்ல."

"எங்களுக்கு எதுக்குச் சொன்ன?"

"நீ சாவக் கூடாதுன்னு."

"அவுங்களுக்கும் ஒரு புள்ள இருந்தாரில்ல?"

அன்று வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். ஜெனி படிப்பு முடியட்டும், கேஸ் கீஸ் என்று ஆனால் அவளை யார் கட்டுவார்கள் என்று அழுதாள். அவள் பயம் எனக்கும் உண்டு. இப்போதும் இருக்கிறது. விடிந்ததும் பண்ருட்டி பஸ் ஏறி, அங்கிருந்து காடாம்புலியூர் போனேன்.

தானே புயலில் தோப்பெல்லாம் படுத்துவிட்டிருந்தது. வேலுவின் அப்பா வேரோடு சாய்ந்த ஒரு முந்திரியில் கிளை கழித்துக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் தெரியவில்லை.

"நிவாரணத்துக்கு மரக் கணக்கு எடுக்க வந்தீங்களா? போன வாரமே எடுத்துட்டுப் போய்ட்டாங்களே."

"இல்லீங்க. நான் வேலுவோட பேஸ் வாசிச்ச அருள்."

அரிவாளைக் கீழே போட்டார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். இரைச்சல், பச்சை ஒயர், ஆஸ்பத்திரி வராந்தா, நான் திரும்பப் போய் மாட்டியது. அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். அவர் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு, "எங்கிட்ட சொன்னது போதும். உள்ள வாங்க. அவகிட்ட சொல்லுங்க" என்றார். "'நாந்தான் செருப்பக் கழட்டச் சொன்னேன், நாந்தான் கொன்னேன்'னு ஆறு வருஷமா அதே பேச்சு. வேற பேச்சு கெடையாது."

அந்த அம்மா சுவரோரம் உட்கார்ந்திருந்தார். இரண்டாவது முறை முதலிலிருந்து சொன்னேன். முடித்ததும் அவர் கேட்டார்.

"அப்ப, செருப்பு போட்டுருந்தான்னா பொழச்சிருப்பானா?"

"இல்லம்மா. கரண்ட் கையில ஏறி வாய் வழியா மைக்குக்குப் போயிடுச்சு. காலுக்கு அதுல வேலையே இல்ல. செருப்பு போட்டுருந்தாலும், பூட்ஸே போட்டுருந்தாலும் போயிருப்பான்."

"செருப்புக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லையா?"

"இல்லம்மா."

"அந்தக் கண்ணாடிக்காரரு சொன்னாரே."

"அவரு சொன்னது பொய். எனக்கு அப்பவே தெரியும்."

"அப்பவே தெரியுமா?" என்றார். அந்த இரண்டு வார்த்தையைக் கேட்டதற்கு அவர் கணவர் அடித்திருந்தால் தேவலை.

வேலுவின் அப்பாதான் அடுத்துக் கேட்டார். "இத எழுதிக் குடுப்பீங்களா?" குடுக்கிறேன் என்றேன். எங்கே கொண்டுபோவீர்கள் என்று நான் கேட்கவில்லை. ஒரு பெரிய தாளும் பேனாவும் கொண்டுவந்தார். அங்கேயே தரையில் உட்கார்ந்து, என் பெயர், அப்பா பெயர், முதுநகர் முகவரி, சீஃபின் முழுப் பெயர், நடந்தது நடந்தபடி, எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவர் எழுத்துக் கூட்டி மெதுவாகப் படித்துக்கொண்டிருந்தார்.

அந்த அம்மா என்னைப் பார்க்காமல் அவரிடம் சொன்னார்:

"செருப்பப் பத்தி எழுதியிருக்காரான்னு பாரு."

எழுதியிருக்கவில்லை. தாளைத் திரும்ப வாங்கி, கையெழுத்துக்குக் கீழே அதையும் எழுதினேன்.